பக்கத்து வீட்டு அம்மா என்னை ஏன் 'இந்து' என்கிறார்?

கேள்வி: நான் தூத்துக்குடிக்காரி, மூன்று வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஸ்பானிஷ் பேசுவார், என்னைச் சொந்தப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்வார். என் மகன் பிறந்தநாளில் தோழிகளிடம் "இவங்க மெக்சிகோக்காரங்க" என்று அறிமுகப்படுத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது. "எல் சால்வடோர்" என்றார். பதற்றத்தில் "ஆமாம், ஸ்பானிஷ்" என்றேன், அதுவும் இல்லை என்று தலையாட்டிவிட்டார். பள்ளிப் படிவத்தில் ஹிஸ்பானிக், லத்தீனோ என்றெல்லாம் போட்டிருக்கிறது. எதைத்தான் சொல்வது? இன்னொன்று, அவர் தன் உறவினர்களிடம் என்னை "லா இந்து" என்கிறார். நான் கத்தோலிக்கப் பெண், கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறேன், அவரும் அதைப் பார்த்திருக்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரா?

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கடிதத்தில் அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அவர் உங்களைச் சீண்டச் சொல்லவில்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பது என் எண்ணம்.

ஸ்பானிஷில் இந்தியருக்கு நேரான சொல் 'இந்தியோ', பெண் என்றால் 'இந்தியா'. 1492-இல் கரீபியன் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், ஆசியாவின் கரைக்கு வந்துவிட்டோம் என்று நம்பி அங்கிருந்த மக்களை அப்படி அழைத்தார், அந்தப் பெயர் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் அத்தனை பேர் மேலும் ஒட்டிக்கொண்டது. நாகரிகம் தெரியாதவன், படிப்பில்லாதவன் என்று ஒருவரை மட்டம் தட்ட லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் இன்றும் 'இந்தியோ' என்பார்கள். எல் சால்வடோரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் பெரிய வலி இருக்கிறது. 1932-இல் அந்த நாட்டின் மேற்கே, காபித் தோட்டப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள், ராணுவம் பல ஆயிரம் பேரைக் கொன்றது, இறந்தவர்களில் பெரும்பாலோர் பிபில் என்ற பூர்வகுடி மக்கள். பூர்வகுடி என்று அடையாளம் தெரிந்தாலே ஆபத்து என்ற பயத்தில், உயிர் தப்பியவர்களில் பலர் பாரம்பரிய உடையை விட்டார்கள், பிள்ளைகளிடம் தங்கள் நாவாத் மொழியைப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மிகச் சில முதியவர்கள் மட்டுமே.

அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர், தனக்குப் பிரியமான பெண்ணை நாலு பேர் முன்னால் 'இந்தியா' என்று எப்படிக் கூப்பிடுவார்? அதனால்தான் 'இந்து'. லத்தீன் அமெரிக்காவில் நம் நாட்டிலிருந்து வருகிறவர் முஸ்லிமோ கிறிஸ்தவரோ சீக்கியரோ, எல்லோரையும் பேச்சு வழக்கில் இந்து என்றே சொல்வார்கள், ஸ்பானிஷ் அகராதிகளும் அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அவர் உங்கள் சிலுவையைப் பார்க்காமல் இல்லை, அவர் பேச்சில் அந்தச் சொல்லுக்கு மதமே கிடையாது, ஊர்தான் இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். மெக்சிகோவுக்கும் எல் சால்வடோருக்கும் எல்லைகூடக் கிடையாது, நடுவில் குவாத்தமாலா இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் லத்தீனோக்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மெக்சிகோ வம்சாவளியினர், டெக்சாஸில் இன்னும் அதிகம், அதனால் ஸ்பானிஷ் காதில் விழுந்தாலே மெக்சிகோ என்று நினைப்பது அங்கே எல்லோருக்கும் வரும் பழக்கம். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது வாரம் ஒருமுறை கேட்டுச் சலித்த தவறு. வடக்கே போன நம் ஆட்களை, கேரளாவோ ஆந்திராவோ தமிழ்நாடோ, 'மதராசி' என்ற ஒரே சொல்லில் முடித்தபோது நமக்கு எப்படி இருந்தது? அதோடு அவருக்கு ஐம்பது வயது என்கிறீர்கள். 1980 முதல் 1992 வரை எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர், சுமார் 75,000 பேர் இறந்தார்கள், ஏராளமானோர் அமெரிக்காவுக்கு ஓடிவந்தார்கள். அவருடைய சிறுவயதின் பெரும்பகுதி அந்தப் போருக்குள்தான் போயிருக்க வேண்டும். அவ்வளவையும் தாண்டி வந்தவருக்குத் தன் நாட்டின் பெயர் முக்கியமாகத்தானே இருக்கும்.

'ஸ்பானிஷ்' என்பதும் ஏன் பொருந்தவில்லை என்றால், மொழிக்கு அது சரி, ஆளுக்குச் சொன்னால் ஸ்பெயின் நாட்டவர் என்று ஆகிவிடும். ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுகள் மட்டும் இருபது, ஆப்பிரிக்காவிலுள்ள எக்குவடோரியல் கினியாவும் அதில் ஒன்று. எல் சால்வடோர் 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட பகுதி. இங்கிலீஷ் பேசுகிறார் என்பதற்காக நைஜீரியாக்காரரை இங்கிலாந்துக்காரர் என்று சொல்வோமா? நியூயார்க் பக்கம் சிலர் தங்களைத் தாங்களே 'ஸ்பானிஷ்' என்று சொல்லிக்கொள்வதும் உண்டு, ஆனால் அது அவர்களாகச் சொல்லிக்கொள்வது.

படிவத்தில் வருபவை அரசாங்கச் சொற்கள். ஸ்பானிஷ் வேர் உள்ளவர்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 1980 கணக்கெடுப்பில் எல்லா வீடுகளுக்கும் அந்தக் கேள்வி போனது, 'லத்தீனோ' என்பது 1997-இல்தான் கூடச் சேர்ந்தது. ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் மொழியோடு தொடர்புள்ளவர், லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்காவோடு தொடர்புள்ளவர் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். போர்ச்சுகீஸ் பேசும் பிரேசில்காரரை வழக்கில் லத்தீனோ என்பார்கள், ஹிஸ்பானிக் என்பதில்லை, ஸ்பெயின்காரருக்கு நேர் எதிர். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரண்டும் பொருந்தும், பெண் என்பதால் லத்தீனா. ஆண், பெண் என்று பிரிக்காமல் சொல்ல 'லத்தினெக்ஸ்' என்ற சொல்லும் காதில் விழும், 2020-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அதைத் தனக்காகப் பயன்படுத்துகிறவர்கள் நூற்றில் 3 பேர்தான், அதை விட்டுவிடுங்கள். இவை எதுவுமே தோல் நிறத்தையோ இனத்தையோ சொல்பவை அல்ல. கியூபாவின் பாடகி செலியா குரூஸ் கறுப்பினத்தவர், பெருவின் முன்னாள் அதிபர் ஃபுஜிமோரி ஜப்பானிய வம்சாவளி, இருவருமே லத்தீன் அமெரிக்கர்கள்.

அந்த ஃபுஜிமோரியைப் பெருவில் 'எல் சீனோ', அதாவது சீனாக்காரர் என்றுதான் சொன்னார்கள். அர்ஜென்டினாவில் அதிபராக இருந்த கார்லோஸ் மெனெம் சிரியா வம்சாவளி, அவர் பட்டப்பெயர் 'எல் துர்கோ', துருக்கிக்காரர், ஏனென்றால் அரபு நாட்டவர்கள் அங்கே முதலில் வந்து இறங்கியது துருக்கியர் ஆண்ட ஒட்டோமான் பேரரசின் காகிதங்களோடு. பெயர் தவறாக ஒட்டிக்கொள்வது அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. அதனால் உங்கள் ஒரு வார்த்தைக்காக அந்த அம்மா உங்களை வெறுத்துவிட்டார் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆனால் போய்ப் பேசுங்கள். "அன்னைக்கு உங்க நாட்டைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்பது போதும், நீண்ட மன்னிப்பு அவரைச் சங்கடப்படுத்தும். இனி அறிமுகம் செய்யும்போது அவர் சொன்ன மாதிரியே எல் சால்வடோர்க்காரர் என்று சொல்லுங்கள், ஸ்பானிஷில் 'சால்வடோரேன்யா'. ஊரைப் பற்றி, சமையலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். புபுசா என்று அவர்கள் ஊரில் சோளமாவில் உள்ளே பூரணம் வைத்துத் தட்டிச் சுடுவார்கள், செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் நிச்சயம் மகிழ்வார். ஆனால் எப்படி வந்தீர்கள், என்ன விசா என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு அது இரண்டாவது கேள்வியாகவே வந்துவிடுகிறது, ஆனால் 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு, நாடு கடத்தாமலிருக்க அமெரிக்கா கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பை நம்பியே வருடக்கணக்காக வாழும் சால்வடோர் குடும்பங்கள் அங்கே நிறைய இருக்கின்றன, அவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கும் கேள்வி.

அப்புறம், உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். 'இந்து' உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் "சோய் தெ லா இந்தியா" என்று சொல்லிக்கொடுங்கள், நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று பொருள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. மதத்தைச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'கிறிஸ்தியானா' என்றால் லத்தீன் அமெரிக்கர்கள் பலர் பெந்தேகோஸ்தே போன்ற சபைக்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் 'கத்தோலிக்கா' என்று சொல்லுங்கள். அவரும் கத்தோலிக்கராக இருந்தால் ஆயர் ரொமேரோவைப் பற்றிக் கேளுங்கள். ஏழைகளுக்காகப் பேசியதற்காக 1980 மார்ச்சில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக்கொல்லப்பட்ட எல் சால்வடோரின் பேராயர் அவர், 2018-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நீங்கள் பதிலுக்குப் பனிமய மாதா தங்கத் தேரைப் பற்றிச் சொல்லலாம், கையில் போட்டோ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.