ஈர்ப்பு மையத்தை அளவு நாடாவால் அறியலாமா?

கேள்வி: உயரம், எடை, கால் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரது உடலின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட முடியுமா? அது தொப்புளில் இருப்பதாகச் சொல்வது சரியா?

பதில்: ஈர்ப்பு மையம் என்பது உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி. அதன் தோராயமான மதிப்பீட்டுக்கு உயரம் ஒன்றே போதும். கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும் வயது வந்தவருக்கு, உள்ளங்காலிலிருந்து மொத்த உயரத்தின் 55 முதல் 57 சதவீதம் வரையிலான மட்டத்தில் ஈர்ப்பு மையம் அமைகிறது. பெண்களுக்குச் சராசரியாக அது சற்றே தாழ்ந்திருக்கும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 91 முதல் 94 செ.மீ. ஆகும். பெரும்பாலோருக்கு இந்த மட்டம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வருவதால், நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பிழையன்று. தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் உள்ள சிறு குழந்தைகளுக்கு இந்த விகிதம் பொருந்தாது.

எடையை மட்டும் அறிவதால் பயனில்லை. அந்த எடை உடலில் எப்படிப் பரவியுள்ளது என்பது தெரிய வேண்டும். தலையும் கழுத்தும் 8, நடுவுடல் 50, ஒவ்வொரு கையும் 5, ஒவ்வொரு காலும் 16 சதவீதம் என்ற சராசரிப் பங்குகளைக் கொண்டு, ஒவ்வொரு பகுதியின் மைய உயரத்தையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டலாம். கால் நீளம் பயன்படுவது இங்கேதான். ஆனால் சராசரிப் பங்கு உங்கள் உடலுக்குரிய பங்காகிவிடாது என்பதால், இவ்வளவு உழைப்புக்கு ஈடான துல்லியம் கிடைப்பதில்லை என்பேன்.

நேரடியாக அளப்பதே மேல். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் பொரெல்லி, பலகைமேல் ஒருவரைப் படுக்கவைத்து, கூர்விளிம்பின்மேல் அப்பலகையைச் சமன்செய்து மையத்தைக் கண்டார். இன்று எடை இயந்திரம் இருப்பதால் சமன்செய்யும் சிரமமும் இல்லை. உறுதியான பலகையின் ஒரு முனையைக் கூர்விளிம்பின்மீதும், மறுமுனையை எடை இயந்திரத்தின்மீதும் கிடைமட்டமாக வைத்து, இயந்திரம் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கால்கள் கூர்விளிம்புக்கு நேர்மேலே இருக்குமாறு படுத்த பிறகு அளவு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அந்த வேறுபாட்டை, கூர்விளிம்புக்கும் எடை இயந்திரம் பலகையைத் தாங்கும் இடத்துக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, உங்கள் எடையால் வகுத்தால், உள்ளங்காலிலிருந்து மையம் இருக்கும் தொலைவு கிடைக்கும். தூரம் 200 செ.மீ., எடை 60 கிலோ, வேறுபாடு 28 கிலோ என்றால் விடை 93.3 செ.மீ.

படுத்திருக்கும்போது குருதியும் உள்ளுறுப்புகளும் தலைப்பக்கம் சற்று நகர்வதால், நிற்கும் நிலையைவிட விடை சிறிதளவு கூடுதலாக வரக்கூடும். கைகளைத் தலைக்குமேல் நீட்டிப் படுத்தால் மையம் மேலும் சில சென்டிமீட்டர் நகரும். ஆகவே அளந்தபோது கைகள் இருந்த நிலையையும் விடையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.