மூன்று ஸ்வரங்களும் ஒரு ஃபில்டரும்

மதிப்பிற்குரிய ஐயா,

தேவகோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய வோல்கா கீஸ் சிந்தசைசர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தபடி இன்னொரு கட்டையைத் தொட்டால், ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரங்களின் நாதமும் மாறிவிடுகிறது. மத்தியான வெயிலில் சுருதி விலகுகிறது. லேப்டாப்பில் பதிவுசெய்தால் ஓர் இரைச்சல். விற்றுவிட்டுப் பெரிய கருவி வாங்கலாமா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

விற்க வேண்டாம். நீங்கள் முதலாவதாகச் சொல்லியிருப்பது பழுதே அல்ல. அந்தக் கருவியின் அமைப்பு அப்படி. 2013இல் கோர்க் நிறுவனம் வெளியிட்ட வோல்கா கீஸில் ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர்கள் மூன்று இருந்தாலும், அந்த ஒலியின் நாதத்தைச் செதுக்கும் ஃபில்டர் ஒன்றுதான்; மூன்று ஸ்வரங்களும் அந்த ஒரே வாசல் வழியாக வெளிவர வேண்டியிருப்பதால், புதிய ஸ்வரத்துக்காக ஃபில்டர் அசையும்போது பழையவையும் கூடவே அசைகின்றன. பியானோவைப் போல வாசிக்க நினைப்பவருக்கு இது தொல்லைதான். ஆனால் வாய்ஸ் குமிழை, ஸ்வரத்தோடு அதன் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலிக்கும் ‘ஃபிஃப்த்’தில் வைத்து, ஃபில்டரைத் திறந்து மூடும் கட்ஆஃப் குமிழை முக்கால்வாசி மூடி, ஒரே ஸ்வரத்தைப் பிடித்தபடி அந்தக் குமிழை மிக மெல்லத் திறந்து பாருங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் பிரியாமல் ஒரே மூச்சாகத் துலங்கி வரும். எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வைத்து இப்படி ஒரு மாலை முழுவதும் வாசித்தேன். பக்கத்தில் தம்பூரா மீட்டுவது போன்ற நிறைவு கிடைத்தது. பொது ஃபில்டர் இங்கே குறையாகாமல் குணமாகிவிடுகிறது.

அடுத்து, சுருதி விலகுவது. இதிலுள்ளது போன்ற அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி வெப்பத்துக்கு அசையக்கூடியது. நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். வாசிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே இயக்கிவைத்து, ஆஸிலேட்டர்களின் சுருதியை ஒன்றுக்கொன்று சற்றே விலக்கும் டீட்யூன் குமிழ் முழுதும் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகு சுருதி சேருங்கள்.

இரைச்சலுக்குக் கருவியைக் குறைசொல்லுமுன் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஆறு பென்சில் பேட்டரிகளில் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரையும் எடுத்துவிடுங்கள். ஒரு மலிவு அடாப்டரால் இரண்டு நல்ல பதிவுகளை நான் இழந்திருக்கிறேன், அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

மேடையில் இரு கைகளாலும் வாசிக்க இது போதாது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கு உங்களிடம் கீபோர்டு இருக்கிறதே. ஒரு கருவியின் கட்டைகளால் இன்னொன்றை ஒலிக்கவைக்கும் மிடி இணைப்புக்கான ஐந்து பின் ‘அவுட்’ துளை அதில் இருந்தால், அங்கிருந்து வோல்காவின் மிடி ‘இன்’ துளைக்கு ஒரு கேபிள் போடுங்கள். சின்னஞ்சிறு தொடுகட்டைகளில் விரல் தடுமாறாமல், இடது கை பழகிய கட்டைகளிலேயே வாசிக்க, வலது கை கட்ஆஃப் குமிழில் இருக்கலாம்.