முதலுதவிப் பெட்டி: 110 பொருளும் வேண்டுமா?

கேள்வி: ஆன்லைனில் '110 பொருட்கள் கொண்ட முதலுதவிப் பெட்டி' 900 ரூபாய்க்கு வருகிறது. வீட்டில் ஆறு வயது மகனும் சர்க்கரை நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்கள். வாங்கலாமா, மருந்துக் கடையில் தனித்தனியாக வாங்கலாமா?

பதில்: அந்த 110-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளாஸ்திரியும் ஒரு பொருள், ஒவ்வொரு ஊக்கும் ஒரு பொருள். எண்ணிக்கை அப்படித்தான் ஏறுகிறது. மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டப்பா ஒன்று போதும். காசை உள்ளே போகிற பொருளுக்குச் செலவழியுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: ஸ்டெரைல் (கிருமி நீக்கியது) என்று அச்சிட்ட காஸ் துணித் துண்டுகள், ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், பிளாஸ்திரி, சுளுக்குக்கு 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ், புண்ணில் கிருமியைக் கொல்ல போவிடோன் அயோடின் களிம்பு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், கத்தரி, முள் எடுக்க இடுக்கி. பஞ்சை நேராகப் புண்ணில் வைக்காதீர்கள். இழை ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது பையன் ஊரைக் கூட்டிவிடுவான். எல்லாமே சின்ன அளவில் வாங்குங்கள். பெரிய பாட்டில் லாபம் என்று வாங்கி, கடைசியில் பாதியைத்தான் கொட்டுவோம்.

வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழரசம் மாதிரி டப்பாவில் வந்த இனிப்புப் பானங்கள் பல, பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போட்டுக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொடிதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்; பாதியைப் பிரித்து டம்ளரில் போட்டால் உப்பின் அளவு தப்பிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாராசிட்டமால் சிரப்பிலும் இதே கதை. 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. போன தடவை கொடுத்த அதே மூடி அளவை இந்தப் பாட்டிலுக்கும் கொடுத்தால் மருந்து இரண்டு மடங்காகிவிடலாம். பையனின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, லேபிளிலேயே எழுதி வையுங்கள்.

மாமியாருக்காக ஒரு குளுக்கோஸ் பாக்கெட். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுக்கலாம், நினைவு இருந்தால் மட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் காலில் சின்னப் புண் என்றாலும் நம் பெட்டியோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தீக்காயக் களிம்பு? எனக்கு அதில் அவசரம் தெரியவில்லை. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதல் வேலை. பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். நாய் கடித்தாலும் குழாயும் சோப்பும்தான், 15 நிமிடம். அப்புறம் கட்டுப்போடாமல் நேரே ஊசிக்கு.

கேள்வி: வாங்கி வைத்ததை எப்போது மாற்றுவது?

பதில்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொட்டிப் பாருங்கள். போன கோடையில் என் பெட்டியைத் திறந்தால், டேப்பின் பசை இளகி எதிலும் ஒட்டவில்லை. தப்பு என்னுடையது, பெட்டி இருந்தது அடுப்புக்கு மேல் அலமாரியில்! படுக்கையறையில், பையன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

காலாவதி 08/2026 என்றிருந்தால் அந்த ஆகஸ்ட் முடியும்வரை செல்லும். மாத்திரையை நாலு மட்டும் வெட்டி வாங்கினால் தேதி கடைக்காரரிடமே தங்கிவிடும். தேதியுள்ள பக்கத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். கண் சொட்டு மருந்தைத் திறந்த தேதியை மேலே குறித்து, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். பில்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். காலாவதியான பொருளைக் கொடுத்துவிட்டுக் கடை மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்ல அந்த பில்தான் வேண்டும்.