“நல்லவன் ஜெயித்தான்” என்பதற்குப் பிறகு என்ன பேசுவது?

கேள்வி: பெருந்துறைக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைதோறும் படங்கள், வீடியோ கேம்கள் பற்றிப் பேசும் கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். மாயாஜாலக் கதை என்றால் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். “கதை என்ன சொல்கிறது?” என்று கேட்டால் “நல்லவன் ஜெயித்தான், மிஸ்” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களை ஆழமாகப் பேச வைப்பது எப்படி? இது வெட்டி வேலை என்னும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கதை என்ன சொல்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு நீதி வாக்கியத்தைத்தான் தேடுவார்கள். முதல் வகுப்பிலிருந்து நாம் பழக்கியது அது. கேள்வியை மாற்றிப் பாருங்கள்: “இந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்?” ஒரு கதையின் ஆழம் பெரும்பாலும் பாத்திரங்கள் பேசும் வசனத்தில் இருப்பதில்லை. யார் எதை இழந்தார்கள், அந்த இழப்பை மற்றவர்கள் கவனித்தார்களா என்பதில்தான் இருக்கிறது.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) படத்திலிருந்து தொடங்கலாம். உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. எபோஷி என்ற பெண் காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஊரை நடத்துகிறாள். அவளுடைய துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காட்டுப்பன்றித் தெய்வம் வலியிலும் வெறுப்பிலும் பேயாக மாறி, எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு சிற்றூரைத் தாக்குகிறது. அதைக் கொன்று ஊரைக் காத்த இளைஞன் அஷிடாகாவின் கை சாபத்தால் கருகுகிறது. இதுவரை கேட்டால் எபோஷிதான் வில்லி. ஆனால் விபச்சார விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு வேலை கொடுத்தவளும் அவள்தான். உலகம் ஒதுக்கிய தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவியவளும் அவள்தான். அவளை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு நொய்யலைப் பற்றிப் பேசுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் அந்த ஆற்றில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே திருப்பூர்தான் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வானம் பார்த்த பூமியை விட்டு வந்தவர்களுக்கும், வெளியூர்களிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்களுக்கும் சொந்தச் சம்பளத்தைக் கொடுத்தது. உங்கள் வகுப்பிலேயே பனியன் கம்பெனிப் பிள்ளையும், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன தோட்டத்துப் பிள்ளையும் அருகருகே உட்கார்ந்திருக்கக்கூடும். எபோஷி செய்தது சரியா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அந்த இருவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் அங்கே உயிர்பெறும்.

படம் இரண்டேகால் மணி நேரம் ஓடும். இரண்டு வாரமாகப் பிரித்துக் காட்டுங்கள். கையும் தலையும் துண்டாகும் காட்சிகள் உண்டு என்பதால் சிறு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம்.

பன்றி என்றதும் பிள்ளைகளில் யாராவது அண்ணமார் கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை நினைவுபடுத்துவார்கள். இல்லையென்றால் நீங்களே எடுத்துக்கொடுங்கள். உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடப்படும் இந்தப் பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டின் மகத்தான வீரகாவியம். விளைநிலத்தை அழிக்கும் கொம்பனைச் சங்கர் கொல்கிறான். ஆனாலும் அண்ணன் தம்பி இருவரும் வீரமலையில் மடிகிறார்கள். விலை கொடுத்தது யார் என்று இங்கே கேட்டால், பிறந்த வீட்டையே இழந்து புலம்பும் தங்கை அருக்காணித் தங்காள் கதையின் நடுவுக்கு வந்துவிடுகிறாள். கேட்பவர்களுக்கு அருள் வந்து, அண்ணன் தம்பி மடிந்ததை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தில் சாய்கிறார்கள் என்றால், ஒரு கதையின் இழப்பு எவ்வளவு தூரம் உள்ளே இறங்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதில் ஒரு கவனம் தேவை. இது வேளாண்மைக்காரர்களுக்கும் வேட்டுவர்களுக்கும் இடையிலான பகையைச் சொல்லும் கதை. அந்தப் பெயர்களோடு இன்றும் சமூகங்கள் வாழ்கின்றன, அவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பலருக்கு அண்ணமார் வழிபடும் தெய்வம். எந்தச் சாதி சரி என்ற தீர்ப்புக்குப் பேச்சு போனால் உடனே திருப்புங்கள். “காட்டை நம்பி வாழ்பவன் இதே கதையைப் பாடினால் எங்கிருந்து தொடங்குவான்?” என்று கேட்பது நல்ல வழி.

கேம்களுக்கு அணுகுமுறை வேறு. அங்கே பொருள் விதிகளுக்குள் இருக்கிறது. நம்மை எதைச் செய்ய வைக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) என்ற கேமில் நாம் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. எத்தனை பேரின் ஆவணங்களைச் சரிபார்க்கிறோமோ அதற்கேற்பச் சம்பளம்; தவறுகள் கூடினால் அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, குளிர்காய்வதற்கான செலவு, மருந்து எல்லாவற்றையும் அந்தப் பணத்தில்தான் பார்க்க வேண்டும். கணவனிடம் எல்லாத் தாளும் சரியாக இருக்கும், பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இருக்காது. “நீ என்ன செய்தாய், ஏன்?” என்று விளையாடியவனிடம் கேட்டால் “நல்லவன் ஜெயித்தான்” என்று அவனால் சொல்லவே முடியாது. ஒருவர் விளையாட மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தால் போதும். உடைகளைந்த உருவங்கள் வராமல் தடுக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. வகுப்புக்குக் கொண்டுவரும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

ஆழம் தேடுகிறேன் என்று எல்லாவற்றுக்கும் மறைபொருள் கற்பிக்கும் பிள்ளையும் வருவான். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையின் மோதிரம் அணுகுண்டு என்று பலர் நினைத்தார்கள். அதை எழுதிய டோல்கீன், கதையின் மையம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே உருவாகிவிட்டது என்று மறுத்தார். ஆனால் வாசகர் தம் அனுபவத்தைக் கதையோடு பொருத்திப் பார்க்கும் உரிமையை அவர் மறுக்கவில்லை. ‘காட்ஸிலா’ என்ற ஜப்பானியப் படம் வேறு வகை; அங்கே அணுகுண்டு நாம் கற்பிக்கும் மறைபொருள் அல்ல. 1954 மார்ச்சில் பிகினி தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு கதிர்வீச்சுக்கு உள்ளானது. அதே ஆண்டு நவம்பரில் வந்த படம், திடீர் ஒளியில் ஒரு கப்பல் அழிவதோடு தொடங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு விதி போதும்: எதைச் சொன்னாலும் எந்தக் காட்சி என்று காட்ட வேண்டும். நொய்யலை மியாசாகி நினைத்து எடுக்கவில்லை, நாம்தான் கொண்டுவந்தோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரிடம் வாதாட வேண்டாம். ‘மோனோனோகே’யின் இரண்டாம் வாரத்துக்கு அவர்களையும் அழையுங்கள். சாயப்பட்டறை மூடியபோது வேலை இழந்த ஒருவரோ, ஆற்றோரம் தென்னை வைத்திருந்த ஒருவரோ அவர்களில் இருக்க வாய்ப்புண்டு. படம் முடிந்ததும் எபோஷியைப் பற்றி முதலில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள்; பிள்ளைகள் அதற்குப் பிறகு பேசட்டும்.