அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. போன மாதம் அவனுடைய வகுப்புத் தோழனின் பிறந்தநாளை ஒரு மாலில் இருக்கும் டிராம்போலின் விளையாட்டு அரங்கில் கொண்டாடினார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டியது அந்தப் பையனின் பெற்றோர். நான் இவனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இவன் குதித்துக்கொண்டிருந்த அதே தளத்தில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஏறிக் குதித்திருக்கிறார்கள். இவன் தூக்கி அடிக்கப்பட்டு இடது முழங்கையில் எலும்பு முறிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். இரண்டு கம்பி வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். மொத்தம் 1,12,000 ரூபாய் ஆனது. 80,000 இன்சூரன்ஸில் கிடைத்தது. அரங்கத்து மேனேஜர் ‘மனிதாபிமான அடிப்படையில்’ 15,000 தருவதாகச் சொல்லி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளை அனுப்பியிருக்கிறார். ‘வாங்கிக்கொண்டு விடு, கேஸ் கோர்ட்டு என்று யார் அலைவது’ என்கிறார் என் கணவர். நாங்கள் ஏதாவது கேட்கப்போய் பிறந்தநாள் வீட்டார் மனம் நோகுமோ என்றும் இருக்கிறது. உள்ளே போகும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்த அம்மாதான் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டாராம். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இழப்பீடு கேட்பதா வேண்டாமா என்பதை இந்த வாரமே நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தத் தாளில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். 15,000 ரூபாய் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. மகனின் கை இனி எப்படி வளரப்போகிறது என்று இன்று உங்களுக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. குழந்தைகளுக்கு முழங்கைப் பக்கம் எலும்பு முறிவது சாதாரணமாக நடப்பதுதான். பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்குக் கை சற்றுக் கோணலாகச் சேரும். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டில் அடிபட்டிருந்தால், அதன் விளைவு பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். உங்கள் எலும்பு டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: வளர்ச்சித் தட்டில் அடி உண்டா? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியும்? அவர் சொல்லும் அந்த நாளுக்கு முன்னால் ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று யாருக்கும் எழுதித் தரக்கூடாது.

அவகாசம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆனால் சாட்சியத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. முதலில் சிசிடிவி. பல இடங்களில் சில வாரம் போனால் பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதுசு ஏறிவிடும். என் மகளுக்கு ஐந்து வயதில் ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கதவில் விரல் நசுங்கி நான்கு தையல் போட்டோம். அவள் அழுகையும் ஆஸ்பத்திரியுமாகவே நாள் ஓடியது. கேமரா பதிவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது நாற்பது நாள் ஆகிவிட்டது. ‘இல்லையே மேடம்’ என்றார்கள். கதவை இழுத்து நிறுத்தும் கருவி பழுதாகியிருந்தது என்பதற்கு என் வார்த்தையைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்றைக்கே அரங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், எந்தத் தளம் என்று குறிப்பிட்டு, ‘அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள், எங்களுக்கு ஒரு நகல் தாருங்கள்’ என்று கேளுங்கள். ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். அவர்கள் தராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும். கேட்ட பிறகு அழிந்தது என்றால், ஏன் அழிய விட்டார்கள் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறந்தநாள் விழா என்றால் யாராவது போனில் வீடியோ எடுத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது தரம் குறைந்திருக்கும், எடுத்த நேரமும் அதில் இருக்காது. எடுத்தவரின் போனிலிருந்தே அசல் கோப்பை வாங்கி வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்று தேவைப்பட்டால், எடுத்தவரோடு ஒரு நிபுணரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

பலரும் பார்க்கத் தவறுவது டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அவசரத்தில் தாத்தாவோ சித்தியோ சொன்னதைக் கேட்டு ‘விளையாடும்போது விழுந்தான்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். சில சமயம் ‘வீட்டில்’ என்றே இருக்கும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் இடத்தில் நடக்கவே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியும். தவறாக இருந்தால் மருத்துவமனைக்கு இப்போதே எழுதிக் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால் அந்த ஏ.ஆர். காப்பியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, தவறு யாருடையது? பிள்ளை விழுந்த ஒரே காரணத்துக்காக யாரும் பணம் தர வேண்டியதில்லை. குதித்து விளையாடும் இடத்தில் கால் பிசகுவது இயல்பு. ஆனால் நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை. டிராம்போலினில் ஒரு தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது அடிப்படை விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. கனமான இருவர் இறங்கும்போது தளம் ஆழமாக அமுங்கி எழும்பும். அந்த நேரம் அதன்மேல் நிற்கும் சின்னப் பிள்ளை தன் காலால் எம்பும் உயரத்தைவிட மிக அதிக உயரத்துக்கு வீசப்படும். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து குதித்தால் அடிபடுவது அநேகமாகச் சிறியவர்தான். ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது இதுதான்: அங்கே இந்த விதி எழுதி மாட்டியிருந்ததா? அந்த நேரத்தில் தளத்தருகே பணியாள் நின்றாரா, எத்தனை தளத்துக்கு ஒருவர்? பெரிய பையன்களை அவர் தடுத்தாரா? சுவரில் விதியை எழுதிவைத்துவிட்டு அதை நடத்திக்காட்ட ஆளில்லாமல் விட்டிருந்தால் அது நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு. பணியாள் இரண்டு முறை இறக்கிவிட்டும் அவர்கள் மறுபடி ஏறினார்கள் என்று வீடியோவில் தெரிந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும். அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் கட்டியது நீங்கள் இல்லை என்று தயங்காதீர்கள். ஒருவர் பணம் கட்டி, அவர் சம்மதத்தோடு இன்னொருவர் அந்தச் சேவையை அனுபவித்தால் அவரும் நுகர்வோர்தான். இதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நுகர்வோர் சிறுவராக இருந்தால் பெற்றோர் புகார்தாரர் ஆகலாம் என்பதும் 2019 சட்டத்திலேயே இருக்கிறது. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைக்குத் தனியாகவும் பெற்றோர் பட்ட மன வேதனைக்குத் தனியாகவும் இழப்பீடு கொடுத்ததை உறுதி செய்தது. அதில் சிகிச்சைத் தவறால் குழந்தையின் மூளையே பாதிக்கப்பட்டிருந்தது. உங்கள் மகனின் காயத்தை அதோடு ஒப்பிட முடியாது என்றாலும், அங்கே பேசப்பட்ட கொள்கை உங்களுக்கும் பொருந்தும்.

அந்த அம்மா போட்ட கையெழுத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். உங்கள் மகனுக்காக அவர் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. 1956-ஆம் வருட இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-வது பிரிவு, பெற்ற தாய் தந்தையே ஒரு தனிப்பட்ட வாக்குறுதியால் மைனர் பிள்ளையைக் கட்டுப்படுத்த முடியாது என்கிறது. அவர்களை நினைத்து மனம் குழம்புகிறீர்களே, அதைப் பேசித் தீர்ப்பதே நல்லது. ஒரு மாலை நேரம் அவர்கள் வீட்டுக்குப் போய், ‘உங்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நாங்கள் கேட்பது அரங்கத்தை மட்டும்தான்’ என்று சொல்லுங்கள். தங்கள் விழாவில் இப்படி ஆகிவிட்டதே என்று அவர்களும் தூங்காமல்தான் இருப்பார்கள். பில்லும் வீடியோவும் அவர்களிடம்தான் இருக்கின்றன என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் கணவர் அலைச்சலுக்கு அஞ்சுவது நியாயம். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது; நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். ஆனால் அவர் நினைக்கிற அளவு சிரமம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணத்தைச் சேவைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே இல்லை. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும்.

கேட்கிற தொகை உண்மையாக இருக்க வேண்டும். கைக்காசு 32,000, கம்பி எடுக்கும் செலவு, பிசியோ, ஆட்டோ வாடகை, நீங்கள் லீவு போட்ட நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் ரசீதோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இன்சூரன்ஸ் கொடுத்த 80,000-த்தை மறைக்காமல் தனி வரியில் காட்டுங்கள். மகன் பட்ட வலிக்கு ஒரு தொகை கேட்கலாம். கையில் நிரந்தரக் குறை வருமானால் அது வேறு கணக்கு, டாக்டர் சான்றோடு கேட்க வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி 50 லட்சம் என்று போட்டால் நியாயமான கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும். பிள்ளைக்கென்று தரும் பெரிய தொகையை அவன் பெயரில் பதினெட்டு வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்லி உத்தரவிடுவது வழக்கம். அது அவன் பணம் என்று நீங்களும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ‘காசுக்காகக் கேட்கிறோமோ’ என்ற கூச்சம் குறையும்.

டாக்டர் ஆறு மாதத்தில் ‘கை நேராகக் கூடிவிட்டது, பயமில்லை’ என்று சொல்லி, அரங்கத்தாரும் கைக்காசையும் மேற்செலவையும் கொடுத்து ஆள் போட்டுக் கண்காணிக்கிறோம் என்று எழுதித் தந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அத்தோடு முடித்துக்கொள்வேன். மழுப்பினால் ஆணையத்துக்குப் போவேன். நாளை அதே தளத்தில் இன்னொரு ஆறு வயதுப் பிள்ளை நிற்கும்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது தடுக்கி விழுந்து முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. டீச்சர் அங்கேயே இருந்திருக்கிறார், பத்து நிமிடத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். பல் ஒட்டவில்லை. பள்ளியிடம் இழப்பீடு கேட்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேண்டாம் என்பேன். மைதானத்தில் குழியோ கம்பியோ இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை, டீச்சர் இருந்தார், உடனே சிகிச்சைக்குக் கூட்டிப்போனார்கள். இதில் பள்ளி என்ன தவறு செய்தது என்று யார் கேட்டாலும் சொல்ல வழியில்லை. அதோடு, பள்ளி நடத்தும் சுற்றுலா, நீச்சல், விளையாட்டு போன்றவையும் கல்வியோடு சேர்ந்தவை, நுகர்வோர் சட்டத்துக்குள் வராதவை என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. தவறு இருந்தாலே அந்த வழி கடினம்.

ஆனால் வேறொன்று கேளுங்கள். பல தனியார் பள்ளிகள் மாணவர் விபத்துக் காப்பீடு எடுத்திருப்பார்கள். அதன் பிரீமியத்தை உங்கள் கட்டணத்திலேயே வசூலித்திருக்கவும் கூடும். கட்டண ரசீதைப் புரட்டிப் பாருங்கள், அலுவலகத்தில் பாலிசி எண் கேளுங்கள். காப்பீட்டில் யார் தவறு என்ற கேள்வியே வராது. தகவல் சொல்ல நாள் கெடு இருக்கும் என்பதால் இந்த வாரமே போங்கள். விழுந்தது நிலைப்பல் என்றால், தாடை வளர்ந்து முடியும் வரை இம்ப்ளான்ட் வைக்க மாட்டார்கள். அதுவரை தற்காலிகப் பல், அதை அவ்வப்போது மாற்றும் செலவு, பிறகு இம்ப்ளான்ட் என்று பத்து வருடக் கணக்கு இது. அதை உங்கள் பல் டாக்டரிடம் எழுத்தில் வாங்கி மனுவோடு இணையுங்கள்.