பின்னால் எரிவதல்ல பேக்ஃபயர்

கேள்வி: ‘பேக்ஃபயர்’ என்ற சொல்லுக்கு ஒரு மொழிபெயர்ப்பில் ‘பின்தீ’ என்று போட்டிருந்தார்கள். ‘திட்டம் பேக்ஃபயர் ஆகிவிட்டது’ என்பதற்கும் அதையே எழுதலாமா? தமிழில் நேரான சொல் இல்லையோ?

பதில்: ‘நேரான சொல்’ என்பதில்தான் தகராறே. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மல்லுக்கட்டியாயிற்று. இன்னொரு முறையும் கட்டுகிறேன். இந்த ‘பேக்’, பின்புறம் அல்ல. எதிர்த்து வருவது, திரும்பி வருவது.

மூத்த பொருள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புல்வெளிகளில் பிறந்தது. பெருந்தீ வந்து சேர்வதற்குள் அதன் வழியில் நாமே தீ வைப்பது. ‘எதிர்த்தீ’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. முதலில் ஒரு சாலையோ ஓடையோ வேண்டும். இல்லாவிட்டால் சருகும் வேரும் நீக்கி, வெறும் மண் தெரிய வெட்டிய தீத்தடுப்புக் கோடு. அதன் ஓரமாக, பெருந்தீயைப் பார்த்த பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். எரியும் எண்ணெயைச் சொட்டும் டிரிப் டார்ச்சில் மூன்று அல்லது நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பெருந்தீ நெருங்கும்போது அதிலிருந்து மேலெழும் சூடு சுற்றியுள்ள காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் எதிர்த்தீ அதை நோக்கி ஓடும். இரண்டும் சந்திக்கும்போது எரிய எதுவும் மிச்சமிருக்காது. சூட்சுமமெல்லாம் நேரத்தில்தான். முந்தினால் இழுப்பு கிடைக்காது, வீசும் காற்று தீயை வைத்தவர்கள் மேலேயே தள்ளும். பிந்தினால் கோட்டுக்கு முன்னால் போதிய அகலம் கருகியிருக்காது, பொறி பறந்து தாண்டிவிடும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், 1949 ஆகஸ்ட் 5 அன்று தீயணைப்புக் குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் வைத்ததையும் எதிர்த்தீ என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. பெருந்தீயை மறிக்க அவர் அதை வைக்கவில்லை. தன் முன்னிருந்த புல்லை எரித்து, அந்தச் சாம்பலில் படுத்து உயிர் தப்பினார். கூட வந்தவர்களையும் அழைத்தார், அவர்கள் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். அது தப்பிப்பதற்காக வைத்த தீ.

பெட்ரோல் எஞ்சினுக்கு வருவோம். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைந்தால் மெதுவாக எரியும். கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மறுபடி திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது, கார்புரேட்டர் வழியாகத் திரும்பித் துப்பும். அதுதான் எஞ்சினின் பேக்ஃபயர். கலவையைப் பற்றவைக்கும் நேரமான இக்னிஷன் டைமிங் பிசகினாலும், இன்டேக் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதேதான். சைலன்சரில் ‘டமார்’ என்று கேட்பது வேறு: எரியாத பெட்ரோல் அங்கே போய் வெடிக்கும் ஆஃப்டர்ஃபயர். ‘பின்தீ’ என்று எழுதியவர் காதில் விழுந்தது இந்தச் சத்தமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் திட்டம். தோற்ற திட்டமெல்லாம் பேக்ஃபயர் அல்ல. வேகமில்லாமல் நமத்துப்போனால் ‘பிசுபிசுத்தது’. ஆரவாரத்தோடு கிளம்பி ஒன்றுமில்லாமல் போனால் ‘புஸ்வாணம்’. போட்டவரையே தாக்கினால்தான் பேக்ஃபயர். அதற்குத் ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று தீயோடு சேர்த்தே சொல்லி வைத்திருக்கிறோம். செய்திகளில் இதற்குப் ‘பின்னடைவு’ என்று போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எதிராளியை வீழ்த்த வதந்தி பரப்பி, அதனாலேயே தோற்றவருக்குப் ‘பின்னடைவு’ என்றால், பற்றவைத்தது அவர்தான் என்பதே செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘அவருக்கே வினையாக முடிந்தது’ என்று எழுதுங்கள்.