ரோன் வெள்ளை வைன் சப்புன்னு இருந்துச்சா? மிச்ச ரெண்டு பாட்டிலை இப்படி குடிச்சுப் பாருங்க

ப்ரோ, வைன்ல குறை இருக்கிற மாதிரி தெரியல, ஜோடிதான் சரியில்ல. பிரான்ஸ் ரோன் பள்ளத்தாக்கோட கோத் து ரோன் வெள்ளை வைன், லேபிள்ல கிரெனாஷ் பிளான், ரூசான், மார்சான்னு மூணு திராட்சை வகையும் இருக்கு, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்ததும் வேகவைக்காத சிப்பியோட ஊத்துனோம், சப்புன்னு இருந்து கடைசியில லேசா கசந்துச்சு, மிச்ச ரெண்டு பாட்டிலை ஞாயித்துக்கிழமை விருந்துக்கு எதோட குடிக்கலாம்னு எழுதியிருக்கீங்க.

இந்த மூணு திராட்சையும் கலந்த வைன்ல பொதுவா புளிப்பு கம்மி, அதுதான் விஷயம். கிரெனாஷ் பிளான் வாயில ஒரு நிறைவும் ஆல்கஹாலும் குடுக்கும், மார்சான் கனம், ரூசான்தான் வாசனை, பேரிக்காய் மாதிரியும் மூலிகை டீ மாதிரியும் வரும். ஃப்ரிட்ஜோட 4 டிகிரில அந்த வாசனையே வெளிய வராது, கசப்பு மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க, 10லேருந்து 12 டிகிரி போதும், அகலமான கிளாஸ்ல ஊத்துங்க.

சிப்பிக்குத் தேவை நல்ல புளிப்பு, அதுக்கு தெற்கு பிரான்ஸ்ல தோங்கிற உப்புநீர் ஏரிக்கரையில விளையிற பிக்பூல் து பினேங்கிற வெள்ளை வைன் இருக்கு, விலையும் கம்மி, அத வாங்கிக்கோங்க.

ஞாயித்துக்கிழமை விருந்துக்கு என் ஓட்டு தெற்கு பிரான்ஸ் செத் ஊரோட பூரிடுங்கிற மீன் குழம்புக்குத்தான். லோத் மீனை (மாங்க்ஃபிஷ்) வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக், கேரட்டோட வேகவெச்சு, அடுப்பை நல்லா குறைச்சிட்டு அயோலிங்கிற பூண்டு மயோனைஸ கலக்கி விடுவாங்க, கொதிச்சா திரிஞ்சிடும், கவனம். அந்த பூண்டுக்கும் எண்ணெய்க்கும் இந்த கனமான வைன் அவ்ளோ பொருத்தமா இருக்கும். நேரமில்லன்னா தைம் மூலிகை போட்டு ரோஸ்ட் பண்ண கோழி, இல்ல கடையில கிடைக்கிற நீம் ஊர் பிரான்டாட், அதாவது உப்புக் காட் மீனை ஆலிவ் எண்ணெயோட மசிச்சது. சாலட்ல மட்டும் வினிகர கம்மியா விடுங்க, அது இந்த வைனை அடிச்சிடும்.